கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டுக்கோங் அனாக்

படித்து முடித்து, வேலை கிடைத்து, முதல் சம்பளம் வாங்கிய கையோடு ஒருவருக்கு வருகிற திமிர் இருக்கிறதே, அதற்கு எந்தச் செடியிலும் மருந்து கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன். செடியில் மருந்து தேடுவதுதான் அப்போது என் வேலையே.

மலேசியாவின் ஈப்போவில் மூலிகை மாத்திரை செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. அதன் பின்பக்கம் குளிர்சாதனம் போட்ட ஓர் அறை. அதற்கு ஆய்வுக்கூடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே நான் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இலைப்பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, சாராயத்தில் (எத்தனால் என்று சொன்னால்தான் மரியாதை) ஊறவைத்து, வடிகட்டி, அதில் இருக்க வேண்டிய வேதிப்பொருள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். என்னிடம் வந்தது பொடி. இலை எப்படி இருக்கும், தண்டு எப்படி இருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் பேச்சு மட்டும் குறையாது. அதே ஊரில் சிலிபின் பக்கம் எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மா ரசத்துக்கு மிளகு தட்டினால் போதும், நான் ஆரம்பித்துவிடுவேன்.

"அதுல பைப்பரின் இருக்கும்மா. மஞ்சள்ல குர்குமின் இருக்குல்ல, அது சும்மா சாப்பிட்டா ஒடம்புல ஒட்டாது. பைப்பரின் சேந்தாத்தான் ஒட்டும்."

"மொதல்ல அந்தப் பைப்ப மூடிட்டு வந்து வெங்காயத்த உரி," என்பார் அம்மா.

அப்பாவுக்குப் பல்வலி வந்து கிராம்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர் கடிப்பது கிராம்பு அல்ல, யூஜினால் என்று பக்கத்தில் போய் நின்று விளக்குவேன். அப்பா லாரி ஓட்டியவர். ஹாரன் அடிப்பது போல, அவசியம் என்றால் மட்டும்தான் வாயைத் திறப்பார். அதனால் தப்பித்தேன்.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை குமரன், பக்கத்து ஊரான லகாட்காரர், தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிற வேலை. பரிசம் போட்டாகிவிட்டது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு சாயங்காலம் போன் செய்தார். குரல் சரியில்லை.

"தேவி, என் கண்ணு மஞ்சளா இருக்கு. கிளினிக் போனேன். மஞ்ச காமாலையாம்."

 அவருடைய அப்பா ஈரல் கெட்டுத்தான் இறந்துபோனார். குமரனுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. அந்த வீட்டில் மஞ்சள் காமாலை என்ற சொல்லையே சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

"அம்மா ரொம்பப் பயந்துட்டாங்க. பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா, அப்பன் போன வழியிலதான் மகனும் போவான்னு பேசுவாங்களாம், பரிசத்தத் திருப்பிக் குடுத்துருவாங்களாம். யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நலங்குல எப்படியும் மஞ்ச பூசத்தானே போறோம், யாரு கண்டுபிடிக்கப் போறாங்கன்னு கேக்குறாங்க."

(என் மாமியாரின் மூளையைப் பற்றி எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.)

"நீயும் யாருகிட்டயும் சொல்லாத லா. சத்தியமா?"

"சத்தியமா."

"டாக்டர் என்ன சொன்னாருன்னா..."

"டாக்டர விடுங்க! நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். அந்த வாக்கியத்தை மட்டும் திரும்பப் பெற முடிந்தால் இன்றைக்கும் என்ன விலை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

மஞ்சள் காமாலை என்றதுமே என் தலைக்குள் ஒரு பல்பு எரிந்துவிட்டது. கீழாநெல்லி! அதிலுள்ள ஃபில்லாந்தின் ஈரலைக் காக்குமா என்று உலகம் முழுக்க ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஃபில்லாந்தினின் அமைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு பேப்பரில் வரைந்து காட்டுவேன். எங்கள் கம்பெனிக்கு அது பொடியாகத்தான் வரும், மூட்டையில் மலாய்ப் பெயர் எழுதியிருக்கும்: டுக்கோங் அனாக். டுக்கோங் என்றால் இடுப்பிலோ முதுகிலோ தூக்கிச் சுமப்பது, அனாக் என்றால் பிள்ளை. இலைக்கு அடியில் குட்டிக் குட்டிக் காய்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, பிள்ளையைச் சுமக்கிற செடி என்று மலாய்க்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அதே காயைப் பார்த்து நம் ஆட்கள் கீழே நெல்லி என்றார்கள். ஆக, எல்லாரும் செடியைப் பார்த்திருக்கிறார்கள், என்னைத் தவிர.

பொடியை நம்பக் கூடாது, பச்சைச் செடிதான் வேண்டும் என்று முடிவு செய்தேன். கம்பெனிக்கு மூலிகை கொண்டு வந்து போடும் கக் ரொஸ்னாவுக்கு (கக் என்றால் மலாயில் அக்கா) தகவல் விட்டுவைத்தேன். மறுநாள் அம்மா என்னைச் சிலிபின் பாசாருக்கு (சந்தைக்கு) அனுப்பினார், கல்யாண மாலைக்குச் சொல்லிவிட்டு வர. பூக்கடையில் ஓர் அக்கா மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். மாலை பேசி முடிக்கும் நேரம் பார்த்து கக் ரொஸ்னாவின் போன் வந்தது. பாசார் சத்தத்தில் நானும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மலாயில் நான் கத்தியதைத் தமிழில் தருகிறேன்.

"கக், எனக்கு டுக்கோங் அனாக் வேண்டும். ரொம்ப அவசரம்."

"ஆமாம், கல்யாணத்துக்கு முன்னாலேயே வேண்டும்."

"மாப்பிள்ளைக்குத் தெரியும். அவர் அம்மாவுக்குத் தெரியவே கூடாது. எங்கள் வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை."

"மூன்று மாதமா? மூன்று மாதம் என்றால் சரியாகத்தான் இருக்கும்."

செடிக்கு மூன்று மாத வளர்ச்சி இருந்தால் போதும் என்று கக் ரொஸ்னா சொன்னதற்கு நான் சொன்ன பதில் அது. தான் ஊருக்குப் போயிருப்பதாகவும், பழைய தோட்டத்துப் பக்கம் போனால் எங்கும் முளைத்துக் கிடக்கும் என்றும் அவர் சொன்னார். "காம்புக்கு இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலை, வரிசையாக இருக்கும். பார்த்தாலே தெரியும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பூக்கடை அக்காவின் கை அப்படியே நின்றிருந்தது. என்னை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். பிறகு ஒரு முழம் மல்லிகையைக் கையில் திணித்து, "காசெல்லாம் வேணாம். ஒடம்ப பாத்துக்கம்மா. மோட்டார்ல மெதுவா போ, ரோட்டுல குழியா கெடக்கு," என்றார். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாளே வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் (பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் பேர்போன ஊர்) அப்பா பிறந்த தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளை விட்டேன். ரப்பர் மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளும் இல்லை. கோயில் மட்டும் இருந்தது, அதை ஒட்டி ஒரு பெரிய மரமும் இருந்தது. சின்ன வயதில் திருவிழாவுக்கு அப்பா லாரியில் எங்களை அழைத்து வந்து, அந்த மர நிழலில் பாய் விரித்து, வாழை இலையில் சோறு போட்டுச் சாப்பிட்டிருக்கிறோம். அந்த நிழலில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தேன். குமரனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டேன். அழுகை வந்தது. நன்றாகவே அழுதேன்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், காலடியிலேயே செடி! ஒன்றல்ல, இருபது முப்பது. காம்புக்கு இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலை, வரிசையாக. இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் காய் எதுவும் இல்லை. பரவாயில்லை, இன்னும் பிள்ளை பிறக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்லதாக ஒன்றை வேரும் மண்ணுமாகப் பெயர்த்து, கோயில் பின்னால் கிடந்த பால்மாவு டின்னில் வைத்துக் கொண்டு வந்தேன். ஒரே ஒரு தடவை தலையை நிமிர்த்தி, எந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று மேலே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

டின்னைக் குளியலறைக்குப் பின்னால் மறைத்துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கஷாயம் வைத்து லகாட்டுக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். அதற்குள் லகாட்டே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஞாயிறு காலை அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் டாக்சி. மாமியார் இறங்கினார். கூடவே பூக்கடை அக்கா இறங்கினார். அவர் என் மாமியாரின் சொந்தத் தங்கச்சி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. (பரிசத்தன்று அத்தனை பேர் வந்தார்கள், நான் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் நான் அடக்கமாக இருந்த ஒரே நாள், அதிலும் இப்படி அடி விழுந்தது.) கையில் ஒரு பை நிறைய மாங்காய் ஊறுகாய்.

மாமியார் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நடந்தது நடந்துபோச்சு சம்மந்தி. எங்க பையன் மேலயும் தப்பு இருக்கு. வெளக்குமாத்தால ரெண்டு போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். பெருசாக்காம முகூர்த்தத்த முன்னுக்குக் கொண்டாந்துருவோம்."

"என்ன நடந்துச்சு?" என்றார் அம்மா.

"ஒங்க பொண்ணையே கேளுங்க. அதுக்குத் தெரியும்."

 காமாலை விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்பது இவருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பாவம், உடம்பு சரியில்லாத மனுஷனை விளக்குமாற்றால் அடித்திருக்கிறாரே! முன்னால் போய் நின்றேன்.

"அத்தை, நீங்க கவலப்படாதீங்க. யாருக்கும் தெரியாம நானே முடிச்சிடலாம்னுதான் பாத்தேன்."

"என்னத்தடி முடிக்கப் பாத்த?"

"கஷாயம் வெச்சுக் குடிச்சா ஒரே வாரம் அத்தை. சுத்தமா போயிடும்."

மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஐயையோ! போயிடுமா? அடிப்பாவி, அது எங்க வீட்டு வாரிசு லா!"

மஞ்சள் காமாலையை வாரிசு என்று கொண்டாடும் குடும்பத்திலா வாழ்க்கைப்படப் போகிறோம் என்று ஒரு நிமிடம் குழம்பிப்போனேன். பூக்கடை அக்காதான் தெளிய வைத்தார்.

"மறைக்காதம்மா. என் கடையில நின்னுதானே போன்ல சொன்ன? டுக்கோங் அனாக், கல்யாணத்துக்கு முன்னாடியேன்னு. மூணு மாசம்னு வேற சொன்ன."

"மூணு மாசமா!" என்ற அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் சிரித்திருக்கவே கூடாது. "ஐயோ, அது செடி! டுக்கோங் அனாக்குன்னா கீழாநெல்லி! இருங்க, கொண்டாந்து காட்டுறேன்," என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். டின்னோடு திரும்பி வந்து, நடுக்கூடத்தில் வைத்து, "இதுதான் டுக்கோங் அனாக்!" என்றேன். நீதிமன்றத்தில் சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்திய வக்கீலுக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

பூக்கடை அக்கா குனிந்து பார்த்தார். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். முகம் சுருங்கியது.

"இது புளியங்கன்னு."

 அவரே தொடர்ந்தார். "புளி கேக்குது பாரு லா, புள்ளக்கு."

"ஒன்ன தஞ்சோங் ரம்புத்தான்லயே விட்டுட்டு வந்திருக்கணும்டி!" என்று அம்மா அழ ஆரம்பித்தார்.

ஆனால் மாமியாரின் முகம் மாறியிருந்தது. கீழாநெல்லி என்ற சொல் காதில் விழுந்த நொடியே அவருக்கு விளங்கிவிட்டது. அது எந்த நோய்க்கு என்று தமிழ்நாட்டிலிருந்து கப்பல் ஏறி வந்த எந்தக் குடும்பத்துக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் யாருக்காகத் தேடினேன் என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தால் என் மானம் தப்பும், மகனின் கல்யாணம் போகும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா டிவியை நிறுத்தினார். என் பக்கத்தில் வந்தார்.

"யாருக்கும்மா அந்தக் கீழாநெல்லி?"

அப்பா ஒருவர்தான் அதைச் செடி என்று நம்பினார். அதுதான் தாங்க முடியவில்லை. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் சத்தியம் செய்திருந்தேனே! அப்பன் போன வழி என்று என் வீட்டில் ஒருத்தர் சொல்லிவிட்டால் குமரன் உடைந்துபோவார். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பேச ஒன்றும் வரவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் டின்னைப் பார்த்து அழுதேன். அது புளியங்கன்று வேறு, அதைப் பார்க்கப் பார்க்க அழுகை கூடியது.

அப்போதுதான் வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. குமரன் வந்தார். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் நின்றார். கன்னத்தில் விளக்குமாற்றுக் குச்சியின் கோடு. மாமியார், "நீ ஏன்டா வந்த? வீட்டுக்குப் போ!" என்று பதறினார். அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கண்ணும் மஞ்சள்.

"எனக்குத்தான் மாமா. எனக்கு மஞ்ச காமாலை. தேவி எனக்காகத்தான் செடி தேடுச்சு. அத ஒண்ணும் சொல்லாதீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "எங்கப்பா எப்படி செத்தாருன்னு ஒங்களுக்குத் தெரியும். நீங்க வேணாம்னு சொன்னா நான் போயிடுறேன்," என்றார்.

மாமியார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா குமரனையே பார்த்துக்கொண்டு நின்றார். 

"இந்த ஒடம்போட மோட்டார் ஓட்டிக்கிட்டா வந்த?" என்றார் அப்பா. பிறகு தான் உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒக்காரு. பசியாறிட்டியா?"

அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பசியாறச் சொல்லிவிட்டால் அந்த ஆள் எங்கள் ஆள். என் கல்யாணம் உண்மையில் நிச்சயமானது அந்த நிமிடம்தான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே அப்பா கேட்டார், "டாக்டர் என்ன சொன்னாரு?"

"கிருமியாலதான் வந்திருக்காம் மாமா, கெட்ட தண்ணி எங்கயோ குடிச்சிருக்கேன். அப்பாவுக்கு வந்தது வேற, இது வேறயாம். ரெஸ்ட் எடுத்தா தானா போயிடுமாம். நாட்டு மருந்து, கஷாயம் மட்டும் எதையும் குடிக்கக் கூடாது, ஈரலுக்கு வேல வெக்கக் கூடாதுன்னாரு." என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதத்தான் அன்னிக்கு போன்ல சொல்ல வந்தேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாங்காய் ஊறுகாயைப் பார்த்தேன்.

அவர் உடம்பு தேறட்டும் என்று கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தோம். அது இன்னும் மோசமாகப் போனது. பூக்கடைச் சின்னம்மா வதந்தியைப் பரப்பிய வேகத்தில் மறுப்பைப் பரப்பவில்லை. கல்யாண ஆல்பத்தை இப்போது எடுத்துப் பார்த்தாலும், முன்வரிசையில் ஒருத்தர் கண்ணும் என் முகத்தில் இல்லை. எல்லாரும் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தாலி கட்டிக்கொண்டேன்.

அந்தப் புளியங்கன்றை மாமியார் விடவில்லை. டின்னோடு லகாட்டுக்குக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் நட்டார். அன்றைக்கு நடுக்கூடத்தில் வாயைத் திறக்காமல் நின்றதற்கு என்னிடம் மன்னிப்பு என்று அவர் கேட்டதில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் அந்தக் கன்றுக்குத் தானே தண்ணீர் ஊற்றுவார், வேறு யாரையும் விட மாட்டார். கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து நான் நிஜமாகவே முழுகாமல் இருந்தபோது, அதன் கொழுந்தைக் கிள்ளி வந்து ரசம் வைத்துக் கொடுத்து, "இப்ப வந்துருச்சாடி ஒன் டுக்கோங் அனாக்கு?" என்று கேட்டுக் குலுங்கிச் சிரித்தார். இப்போது அது மரமாகிவிட்டது. அதன் நிழலில் தானாகவே கீழாநெல்லி முளைத்துக் கிடக்கிறது, நிஜமான கீழாநெல்லி, அடியில் காயோடு. அதைப் பிடுங்க எனக்குத் தடை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயரே டுக்கோங் அனாக்தான். அப்பா போன பிறகும் அவர் எண்ணை அதிலிருந்து யாரும் எடுக்கவில்லை.

மாமியாருக்கு இப்போது வயதாகிவிட்டது. பெயர்கள் மறந்துபோகின்றன. போன மாதம் கிளினிக்கில் ரத்தம் எடுக்க வந்த மலாய்த் தாதி, அவரைச் சோதிக்கிறாற்போல என்னைக் காட்டி, "மக்சிக், இவர் யார்?" என்று கேட்டாள். மாமியார் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.  என் பெயர் மறந்தால் போகட்டும், என்னையே மறந்துவிடாதீர்கள் அத்தை என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் கை மெதுவாக வந்து என் வயிற்றைத் தட்டியது.

"டுக்கோங் அனாக்," என்றார்.

தாதி திடுக்கிட்டு என் நரைத்த தலையையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, மிக மரியாதையாக, "எத்தனை மாதம், கக்?" என்று கேட்டாள்.

"மூன்று மாதம்," என்றேன்.